பின்னிரவில் தானாக விழிக்கும் மானிட்டர்: பாம்பன் கரையில் ஒரு பழுதுப் பதிவு

மானிட்டர் 22 அங்குலம், எல்.இ.டி. பின்விளக்கு, கணினிக் கேபிள் செருக ஒரு எச்.டி.எம்.ஐ. வாசல், ஒரு வி.ஜி.ஏ. வாசல். இருந்த இடம் பாம்பனில் வடகடலைப் பார்த்த ஒரு ஜெராக்ஸ் கடை. இரவு கணினியை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டினால் மானிட்டர் ஒழுங்காக ஸ்டாண்ட்பைக்குப் போய் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. பின்னிரவில் தானாக விழிக்கிறது. 'சிக்னல் இல்லை' என்ற கட்டம் திரையில் மிதந்து, ஐந்தாறு விநாடியில் அணைகிறது. சற்று நேரத்தில் மறுபடி விழிக்கிறது. காலையில் வெயில் ஏறியதும் கோளாறு நின்றுவிடுகிறது. ராமநாதபுரம் டவுனுக்குக் கொண்டுபோய் சர்வீஸ் கடையில் பகல் முழுக்க ஓடவிட்டால் ஒருமுறைகூட வருவதில்லை. 'மெயின் போர்டு போச்சு, மாத்தணும்' என்று சொல்லப்பட்டது அந்த நிலையில்தான்.

மெயின் போர்டு கெடவில்லை. உப்புதான் காரணம்.

கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதலில் குறித்துவையுங்கள். இந்தக் கரையில் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படிகிறது. காய்ந்திருக்கும் வரை அதில் மின்சாரம் ஓடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால்தான் இங்கே உப்பு படிந்த இடம் பகலிலும் லேசாகப் பிசுபிசுக்கிறது, விடியற்காலையில் நன்றாகவே நனைந்துவிடுகிறது. நனைந்த உப்புப் பூச்சு சில ஆயிரம் ஓம் தடையுள்ள கம்பிக்குச் சமம். குளிர்சாதன அறையிலோ மத்தியான வெயிலிலோ அதே பூச்சு பெருமளவு காய்ந்து, மானிட்டர் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வாடை வீசும் மாதங்களில் வடகடல் பக்கத்து வீடுகளுக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளுக்கும் இந்தத் தொல்லை அதிகம். உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். அதே காற்றுதான் நம் மானிட்டருக்குள்ளும் போகிறது.

ஸ்டாண்ட்பையில் மானிட்டர் முழுதாகத் தூங்குவதில்லை. பின்விளக்கும் பேனலும் அணைந்திருக்கும். உள்ளே ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப் மட்டும் அரை வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் காவல் இருக்கும். அது கவனிப்பவை சில மட்டுமே: கேபிளில் படச் சமிக்ஞை வருகிறதா, வாசலில் கேபிள் செருகியிருக்கிறதா, பொத்தான் அமுக்கப்பட்டதா, சில மாடல்களில் சி.இ.சி. கம்பியில் (எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குள் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் கம்பி) கட்டளை வருகிறதா. இவற்றில் ஏதோ ஒன்று பொய்யாக 'ஆமாம்' என்று சொல்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

விழிக்கும்போது திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். டெஸ்க்டாப்போ பூட்டுத்திரையோ வந்தால் விழித்தது கணினி, மானிட்டர் பின்தொடர்ந்திருக்கிறது. 'சிக்னல் இல்லை' என்று வந்தால் மானிட்டர் தானாக விழித்திருக்கிறது. மெனு, ஒலி அளவு, சோர்ஸ் பட்டியல் ஆகியவை குதித்தால் பொத்தான். கம்பெனி லோகோ வந்தால் பெரும்பாலும் மின்சாரம் ஒரு நொடி அறுந்து திரும்பியிருக்கிறது. அது விழிப்பே இல்லை, புதிதாக ஆன் ஆவது. இரவு முழுக்கக் கண் விழித்துப் பார்க்க வேண்டாம். பழைய செல்போனைச் சார்ஜில் போட்டு டைம்லாப்ஸ் (விட்டுவிட்டுப் படம் பிடிக்கும் முறை) வைத்தால் போதும்.

கணினிதான் காரணம் என்று தெரிந்தால் இதைப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மின் உரிமையில் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை ஓர் இடைவெளி, சாய்கோடு, ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல் சேர்த்துக் கொடுங்கள். திரையை அணையவிடாமல் பிடித்துவைத்திருக்கும் நிரலின் பெயர் 'டிஸ்ப்ளே' தலைப்பின் கீழ் வரும். ரிக்வெஸ்ட்ஸ் இருந்த இடத்தில் லாஸ்ட்வேக் என்று கொடுத்தால் கணினியைத் தூக்கத்திலிருந்து கடைசியாக எழுப்பியது எது என்று தெரியும். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். டிவைஸ் மேனேஜரில் மவுசுக்குப் போய் 'கணினியை எழுப்ப அனுமதி' என்ற டிக்கை எடுத்துவிட்டு, இன்னும் திரை விழிக்கிறதே என்பார்கள். அந்த டிக் கணினி முழுத் தூக்கத்தில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். கணினி ஓடிக்கொண்டிருந்து திரை மட்டும் அணைந்திருந்தால் மவுஸ் ஒரு புள்ளி நகர்ந்தாலும் திரை வந்துவிடும். கண்ணாடி மேசையில் வைத்த ஆப்டிகல் மவுஸ் யாரும் தொடாமலே நகரும். இரவு அதைக் கவிழ்த்துவைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் ஒரு மவுஸ் பேடு வாங்கினால் முடிந்தது.

மானிட்டர் மெனுவில் மூன்று அமைப்புகளைப் பார்த்துவிடுங்கள். 'ஆட்டோ சோர்ஸ்' ஆன் ஆகியிருந்தால் ஒவ்வொரு வாசலாகத் தேடும்போது எதிர்முனைக் கணினிக்கு 'நான் வந்துவிட்டேன்' என்ற குறிப்புப் போகும். கணினி படம் அனுப்பும், மானிட்டர் விழிக்கும், கணினி மறுபடி அணைக்கும். இருவரும் மாறிமாறி எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். பயன்படுத்தும் வாசலையே நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். சி.இ.சி. இருந்தால் அணையுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் (இன்னொரு வகை வாசல்) உள்ள மானிட்டரில் 'டீப் ஸ்லீப்' என்ற ஆழ்தூக்க அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் 20-ஆம் பின் (ஊசி) இரு முனைக்கும் இணைந்திருக்கும். தரமான கேபிளில் அது இணையக் கூடாது. இணைந்தால் ஒரு பக்கத்து 3.3 வோல்ட் மறுபக்கம் ஏறி வினோதமான விழிப்புகள் வரும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி ஒலி (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பாம்பன் மானிட்டரில் இவை எதுவும் இல்லை. முதல் சோதனையே அதைக் காட்டிவிட்டது: எல்லாச் சமிக்ஞைக் கேபிள்களையும் கழற்றி, பவர் கம்பி மட்டும் செருகி, கடையிலேயே இரவு முழுக்க வைத்தது. அப்போதும் விழித்தது. கேபிளும் கணினியும் குற்றமற்றவை. சோதனை நடக்கும் இடம் முக்கியம். கோளாறு வரும் இடத்திலேயே, வரும் நேரத்திலேயே செய்யாவிட்டால் பலன் இல்லை.

பகலில் கோளாறை வரவழைக்க எளிய வழி ஒன்று உண்டு: வாய்க்காற்று. கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஊதுவோமே, அப்படி. மானிட்டர் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது முதலில் பொத்தான் வரிசையின் மேல் மூன்று முறை ஊதி அரை நிமிடம் காத்திருங்கள். பிறகு எச்.டி.எம்.ஐ. வாசலுக்குள், பிறகு வி.ஜி.ஏ. வாசலுக்குள். எங்கே ஊதியதும் விழிக்கிறதோ அங்கேதான் உப்பு. இந்த மானிட்டர் பொத்தான்மேல் இரண்டாவது முறை ஊதியதுமே விழித்தது. அதே இடத்தில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் இரண்டு நிமிடம் காட்டியதும் அடங்கியது. தொடு பொத்தான் உள்ள மாடலில் இதே சோதனை ஏமாற்றும், ஏனென்றால் நல்ல தொடு பொத்தானும் மேலே நீர்ப்படலம் படிந்தால் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். அவற்றைத் துடைத்துக் காயவைத்து, பவரைப் பிடுங்கிப் பத்து விநாடி கழித்துச் செருகுங்கள். ஆன் ஆகும்போது அவை தம்மைத் தாமே அளவிட்டுக்கொள்ளும்.

இனித் திறக்க வேண்டும். பவர் கம்பியை மானிட்டரிலிருந்தே பிடுங்கிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். உள்ளேயே பவர் சப்ளை உள்ள மாடலில் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும், 230-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். பிடுங்கிய பிறகும் அது இருக்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் தடையை மின்காப்பிட்ட கவ்வியால் பிடித்து கெப்பாசிட்டரின் இரு காலிலும் பத்து விநாடி வைத்து இறக்கி, மீட்டரில் சுழியம் என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம்.

மெத்தை விரிப்பில் திரை கீழே பார்க்கப் படுக்கவைத்து, மானிட்டரின் தாங்குகாலைக் கழற்றி, பின்பக்கத் திருகுகளை எடுங்கள். சட்டத்தை நெம்பப் பழைய ஏ.டி.எம். அட்டை போதும். கீழ் விளிம்பில் தொடங்குங்கள், மேலிருந்து தொடங்கினால் கொக்கிகள் ஒடியும். பொத்தான் போர்டுக்குப் போகும் மெல்லிய நாடாவோ கம்பியோ கீழ் விளிம்பருகேதான் இருக்கும், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும்.

விரல் அகலமுள்ள பொத்தான் போர்டைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது மூன்றாவது பொத்தானின் கால் ஒன்றைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. செம்புத் தடத்தின் மேல் பச்சை வார்னிஷ் கொப்புளித்து, அதன் அடியில் தடம் கறுத்திருந்தது. கால் நுனியில் பற்றவைப்பின் பளபளப்பு போய் மாவு படிந்தது போல இருந்தது. பல்குச்சியால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

அந்தப் பூப்பு ஏன் மானிட்டரை எழுப்புகிறது? இந்தப் போர்டில் பவர் பொத்தானுக்குத் தனிக் கம்பி. மற்ற நான்கும் இரண்டு கம்பிகளில். ஒவ்வொரு கம்பியும் 10 கிலோ ஓம் தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பொத்தானை அமுக்கினால் வெவ்வேறு தடை வழியாக வோல்டேஜ் கீழே இறங்கும். எத்தனை வோல்ட் என்பதை வைத்தே எந்தப் பொத்தான் என்று சிப் கண்டுபிடிக்கும். பவர் கொடுத்து அளந்தபோது காய்ந்த நிலையில் 3.3 வோல்ட், வாய்க்காற்று பட்டதும் 2.1 வோல்ட். அதாவது உப்பு வழியாக ஏறத்தாழ 17 கிலோ ஓம் கசிவு. 2.1 வோல்ட் என்பது இந்த மானிட்டரில் 'சோர்ஸ்' பொத்தானின் எல்லைக்குள் விழுகிறது. ஸ்டாண்ட்பையில் சோர்ஸ் பொத்தானை அமுக்கினால் என்ன செய்யுமோ அதையே மானிட்டர் செய்தது: விழித்து, தேடி, 'சிக்னல் இல்லை' என்றது. இந்த அளவைப் பார்ப்பவர்கள் பவர் சப்ளைப் பக்கம் கை போகாதபடி போர்டைத் தனியே நீட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. எல்லோரும் நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுக்கிறார்கள். எண்ணெய்ப் பசைக்கு அது நல்லது. உப்பு அதில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். 99 சதவீதச் சரக்கால் தேய்த்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. இரண்டு நாள் கழித்துக் கோளாறு திரும்பி வரும். உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடாது, அவற்றிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பாட்டிலில் ஆசிட் என்று எழுதியிருக்கவில்லை என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒரே கடையில்தான் இருக்கும்.

பொத்தான் போர்டைத் தனியாகக் கழற்றி, மென்மையான பல்துலக்கியை அந்தத் தண்ணீரில் நனைத்து இரு பக்கமும் ஒரு நிமிடம் தேய்த்து, தண்ணீரை உதறி, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை. அதன் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இப்போது அதன் வேலை மிச்சத் தண்ணீரை விரட்டுவது. டிரையரைக் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம், பிறகு மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம். தின்னர் வேண்டாம், பொத்தானின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பெட்ரோலை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

கழுவிய பிறகு மூன்றாவது பொத்தானை அமுக்காமல் அளந்தபோது, மீட்டர் திறந்த சுற்று (இணைப்பே இல்லாத நிலை) காட்டுவதற்குப் பதில் 20 கிலோ ஓமுக்கும் 60-க்கும் இடையே அலைந்தது. மீட்டர் முனைகளை மாற்றிப் பிடித்தால் எண் வேறு. எண் அலைவதும், முனை மாற்றினால் மாறுவதும் ஈர உப்பின் அடையாளம். நல்ல தடை இரு பக்கமும் ஒரே எண்தான் காட்டும். உப்பு பொத்தானின் உள்ளேயே போயிருக்கிறது, கழுவிப் பயனில்லை. 6-க்கு 6 மில்லிமீட்டர் டாக்ட் ஸ்விட்ச் (போர்டில் பற்றவைக்கும் சிறு பொத்தான்) சில ரூபாய்தான். உயரத்தை மட்டும் அளந்து வாங்குங்கள்: 4.3 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 5 போட்டால் சட்டம் மூடும்போது பொத்தான் அமுங்கியே நிற்கும், பழைய கோளாறே புது வடிவில் வரும். பழைய பற்றவைப்பு ஈயமில்லாத ரகம் என்பதால் எளிதில் உருகாது. முதலில் 60/40 வெள்ளீய-ஈயப் பற்றவைப்பு சிறிது சேர்த்து உருக்கினால் கால் சுலபமாக வெளியே வரும். சூடு 350 டிகிரிக்குள் இருக்கட்டும், தடம் ஏற்கெனவே அரித்திருக்கிறது, அதிகச் சூட்டில் உரிந்துவிடும். நான்கு பொத்தான்களில் ஒன்று போனால் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. மற்ற மூன்றும் அதே காற்றில்தான் இருந்தன.

மூடி வைத்து முதல் இரவு ஒருமுறையும் விழிக்கவில்லை. இரண்டாம் இரவு இரண்டு முறை விழித்தது. டைம்லாப்ஸில் பதிந்திருந்த வாசகம்தான் வழி காட்டியது: கேபிள் எதுவும் செருகாத மானிட்டர் 'கேபிள் இணைக்கப்படவில்லை' என்று சொல்ல வேண்டும். இது 'சிக்னல் இல்லை' என்றது. இல்லாத கேபிளை இருப்பதாக நினைத்திருக்கிறது.

பல மானிட்டர்களில் கேபிள் செருகியிருப்பதை அறிய ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள். எச்.டி.எம்.ஐ. வாசலின் 17-ஆம் பின் உண்மையில் நிலக்கம்பி (கிரவுண்டு, அதாவது சுழிய வோல்ட் கம்பி). மானிட்டர் தன் பக்கத்தில் அதை நிலத்தோடு சேர்க்காமல் ஒரு தடையால் மேலே இழுத்துவைத்திருக்கும். கேபிள் செருகினால் மறுமுனைக் கணினி அதை நிலத்தோடு சேர்க்கும், வோல்டேஜ் விழும், 'கேபிள் வந்தது' என்று சிப் எடுத்துக்கொள்ளும். வி.ஜி.ஏ. வாசலில் 5-ஆம் பின்னுக்கு இதே வேலை. அந்தப் பின்னுக்கும் வாசலைச் சுற்றிய உலோக ஓட்டுக்கும் நடுவே உப்பு நனைந்தால் அதுவே கேபிள் போலத் தெரியும். எச்.டி.எம்.ஐ. கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன, 17-ஆம் கால் ஓட்டின் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பு சேர நல்ல இடம்.

பவர் இல்லாமல் 17-க்கும் ஓட்டுக்கும் இடையே அளந்தது 6 கிலோ ஓம் அருகே, ஏறி இறங்கியபடி. போர்டில் கால்களின் பக்கத்தை முன்போலவே முதலில் தண்ணீர், பிறகு ஆல்கஹால். ஆனால் மெயின் போர்டைக் கழுவக் கூடாது. வாசல் கீழே பார்க்கும்படி போர்டைச் சாய்த்துப் பிடித்து, துலக்கியில் ஈரம் மட்டும் இருக்கும்படி தேய்க்க வேண்டும். தண்ணீர் சிப்புகளின் அடியில் ஓடினால் வெளியே வராது. வாசலின் உட்புறத்துக்குப் பஞ்சு வேண்டாம், நார் பின்களில் மாட்டும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பழைய எச்.டி.எம்.ஐ. முனை ஒன்றைப் பத்து முறை செருகி எடுத்தால் பின்கள் உரசிச் சுத்தமாகும். முடித்தபின் அளவு 40 கிலோ ஓமைத் தாண்டி அசையாமல் நின்றது. திறந்த சுற்று வராது. இழுக்கும் தடை வழியாக மீட்டர் அதைப் பார்க்கிறது. அசையாமல் நிற்பதே போதும்.

பொத்தான் போர்டின் பின்பக்கம் அக்ரிலிக் காப்புப் பூச்சு ஒரு கை அடித்தோம். பொத்தானையும் கனெக்டரையும் டேப் ஒட்டி மறைத்த பிறகே அடிக்க வேண்டும். சிறு துளி உள்ளே போனாலும் பொத்தான் செத்துவிடும். சட்டத் திருகுகளை லேசான கை இறுக்கத்துக்கு மட்டும் முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் சட்டம் வளைந்து பொத்தானை அமுக்கும். பிறகு பக்கத்தில் ஈரத் துண்டு தொங்கவிட்டு மூன்று இரவு வைத்துப் பார்த்தது. விழிக்கவில்லை.

இந்த மானிட்டரில் பவர் பக்கம் நன்றாக இருந்தது. உங்களுடையதில் ஆரஞ்சு விளக்கு துடித்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் உப்பைத் தேடுவதை விட்டுவிட்டு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வரியைப் பாருங்கள்; 4.9-க்கும் 5.2-க்கும் இடையே ஆடாமல் நிற்க வேண்டும். தலை உப்பிய (வீங்கிய) கெப்பாசிட்டர் இருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி, குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள்தடை) ரகம் போடுங்கள். தலை உப்பாமலே கெட்டுப்போன கெப்பாசிட்டரும் உண்டு, மலிவு மீட்டரில் அது தெரியாது. ஒரு புதியதை மாற்றிப் பார்ப்பதே உறுதி.

லோகோ வந்து விழிப்பவர்கள் சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைப் பின் கறுத்துப் பச்சை பிடித்திருந்தால் மின்சாரம் அங்கேதான் அறுகிறது. இன்வெர்ட்டர் வீடுகளில் யு.பி.எஸ். நிலையில் வைத்தால் மாறும் நேரம் குறைந்து இது பெரும்பாலும் நிற்கும். எர்த்தையும் அளந்துவிடுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் வோல்டேஜும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வரும் வோல்டேஜும் சில வோல்ட் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கரையோர மணலில் எர்த்துக்காகப் புதைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் அரித்துப் போவது சாதாரணம். எர்த் இல்லாத கணினியின் உலோக உடலில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும்; தொட்டால் சுரீரென்று இருக்கும், கேபிள் வழியாக அதுவும் மானிட்டரைச் சீண்டும். இதை எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

கடையில் மானிட்டரை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றியாயிற்று. பயன்படுத்தாத வி.ஜி.ஏ. வாசலுக்கு ரப்பர் மூடி. இரவு மூட பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பருத்தித் துணி போதும், அதை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும், ஏனென்றால் உப்பு இப்போது அந்தத் துணியில்தான் படிகிறது.